குறையை நேரில் ஆஜர்படுத்தவும்

கவ்ரில் ஹங்கானு வாங்கிய புதுக் காரில் எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விற்பனை நிலையம் பலமுறை முத்திரை குத்தி உறுதிசெய்த விஷயம் இது. கார் மலை ஏறாது. அவ்வளவுதான்.

ஏறவே ஏறாது என்றும் சொல்லிவிட முடியாது. ஏறத் தொடங்கும். கணவாய்ச் சாலையின் கீழ் வளைவுகளில் நன்றாகத்தான் போகும். பைன் மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில், சாலை செங்குத்தாக நிமிரும் இடத்தில், ஒரு பெருமூச்சு விடும். அதன்பின் விளக்கு எரியும், ரேடியோ பாடும், கண்ணாடி துடைப்பான் ஆடும். இன்ஜின் மட்டும் இருக்காது.

கவ்ரில் கிராமத் தபால் நிலையத்தில் எழுத்தர். அவர் மனைவி ஸ்மரண்டாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மெஷின் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலைநகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. இந்தப் பக்கம் சமவெளி நகரத்தில் அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் மெஷினைத் திறந்துவைத்த அமைச்சர் மலைநகரத்துக்காரர். கணவாய் வழியாகப் போன பஸ், ஆள் வரவில்லை என்று நின்றுபோயிற்று. ஆம்புலன்ஸ், ஒரு நோயாளிக்காக மலை ஏற முடியாது என்று நின்றுபோயிற்று.

ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த பிளம் தோட்டத்தை விற்றார்கள். பழைய கார் வாங்கினால் வழியில் நின்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதனால் புதுசு வாங்கினார்கள்.

காரின் மூக்கில் மலையாடு சின்னம் இருந்தது. விற்பனை நிலையத்தின் சுவரில் ஒரு பெரிய படம். பாதையே இல்லாத ஒரு பாறை உச்சியில் அதே கார் நிற்கும். எப்படி அங்கே போயிற்று என்று கவ்ரில் அன்று கேட்கவில்லை. கிரேனில் என்று பிறகு தெரிந்தது.

முதல் வாரமே கார் பைன் மரத்தடியில் நின்றது. மரம் ஏற்றிப்போகும் லாரி ஒன்று கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டது. ஸ்மரண்டாவுக்கு அன்றைய மெஷின் தவறியது. மறுநாள் காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருந்தாள்.

"போய் அவனுங்ககிட்ட சொல்லு, மனுஷா. மரியாதையா சொல்லு. புதுசுதானே, மாத்திக் குடுத்துருவானுங்க," என்றாள்.

கவ்ரில் மரியாதையாகச் சொல்லப் போனார்.

விற்பனை நிலையம் சமவெளி நகரத்தில் இருந்தது. அந்த ஊரில் மேடு என்றால் நகராட்சி போட்ட வேகத்தடைகள்தான். சர்வீஸ் தலைவர் இன்ஜினியர் ப்ளெஷோயானு காரை எடுத்துக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். கார் பறந்தது.

"குறை எங்க, ஹங்கானு சார்?"

"மலையில, இன்ஜினியர் சார்."

"இங்க கொண்டு வரலையா?"

"காரைக் கொண்டு வந்திருக்கேனே."

"காரைக் கொண்டு வந்தீங்க, நல்லது. குறையைக் கொண்டு வரலையே." இன்ஜினியர் பரிவோடு அவர் தோளில் கைவைத்தார். "இப்ப நீங்க டாக்டர்கிட்ட போறீங்க. பல்லு வலின்னு சொல்லிட்டு பல்லை வீட்டுல வெச்சிட்டு வந்தா டாக்டர் என்ன பண்ணுவார்?"

"நீங்க கணவாய் வரைக்கும் ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும். பக்கந்தான்."

"அது எங்க சோதனைப் பாதையில வராது. எங்க சோதனைப் பாதை இதோ, கேட்டுலேருந்து கார் கழுவுற இடம் வரைக்கும். அதுல நின்னா சொல்லுங்க, உடனே பார்ப்போம்." குரலைத் தாழ்த்தினார். "கம்ப்யூட்டர்கிட்டயும் கேட்டாச்சு. ஒண்ணுமில்லன்னு சொல்லுது. அது பொய் சொல்லாது, சார். நம்ம நாட்டுல செஞ்சது இல்ல அது."

காரைக் கழுவி, உள்ளே எலுமிச்சை வாசனை அடித்து, ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். 'குறை ஆஜராகவில்லை' என்று அதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குறை பைன் மரத்தடியில் ஆஜரானது. அங்கே இன்ஜினியர் இல்லை.

இப்படிச் சிலமுறை நடந்தது. கவ்ரில் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். நின்ற கார், அணைந்த இன்ஜின், பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஸ்மரண்டா. இன்ஜினியர் முழுதும் பார்த்தார்.

"கார் நிக்கறது தெரியுது. ஆனா இது நிக்கற காரா, நிறுத்தி வெச்ச காரான்னு படத்துல எப்படித் தெரியும்? அம்மா காத்து வாங்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. குடும்பத்தோட வெளிய போன மாதிரிதான் இருக்கு."

கவ்ரில் முதல்முறையாக மேஜையைத் தட்டினார். பலமாக இல்லை. இருந்தாலும் விற்பனை நிலையத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் கேட்டதில்லை போலும். காபி கொண்டு வந்தார்கள். காரை ஒரு முழு நாள் உள்ளே வைத்துக்கொண்டார்கள். மாலையில் இன்ஜினியர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"கண்டுபிடிச்சாச்சு. கார் வாங்கினதும் சாமியார்கிட்ட மந்திரிச்சீங்களா?"

"மந்திரிக்காம யார் சார் ஓட்டுவாங்க?"

"யாருமில்ல. நானும்தான் மந்திரிச்சேன். ஆனா எப்படி மந்திரிச்சார்? வெளியிலயா, பானெட்டைத் திறந்தா?"

கவ்ரில் யோசித்தார். ஃபாதர் பார்த்தெனியே தாராள மனசுக்காரர். ஸ்மரண்டாவின் நிலைமை அவருக்குத் தெரியும். துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் முக்கி நாலு சக்கரத்துக்கும் தெளித்தார், ஸ்டீயரிங்குக்குத் தெளித்தார், அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினுக்கும் ஒரு வீச்சு வீசினார்.

"திறந்துதான்," என்றார் கவ்ரில்.

"அதான் பார்த்தேன்!" இன்ஜினியர் திரும்பி உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். "அங்கீகாரம் இல்லாத நபர், பானெட்டுக்குள்ள, கம்பெனி சிபாரிசு பண்ணாத திரவம் விட்டிருக்கார். உத்தரவாதம் போச்சு, சார்."

அவருக்குப் பின்னால், பணம் கட்டும் ஜன்னலுக்கு மேலே, மாதாவின் படம் இருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் பாட்டிலில் தீர்த்தம். வருஷா வருஷம் எபிபனித் திருநாள் அன்று விற்பனை நிலையம் முழுவதையும் மந்திரிப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் தெளிப்பார்கள்.

ஃபாதர் பார்த்தெனியே விஷயம் கேள்விப்பட்டு, அங்கியோடு தானே நேரில் வந்துவிட்டார்.

"முப்பது வருஷமா மந்திரிக்கிறேன், மகனே," என்றார் இன்ஜினியரிடம். "டிராக்டருக்குத் தெளிச்சிருக்கேன், தீயணைப்பு வண்டிக்குத் தெளிச்சிருக்கேன், மேயருக்கும் தெளிச்சிருக்கேன். மேயரைத் தவிர எல்லாம் ஓடுது."

"தீர்த்தத்தோட தரச் சான்றிதழ் இருக்கா, ஃபாதர்?"

"மேல இருக்கறவர்கிட்ட வாங்கணும். வரிசையில நில்லு, உனக்கும் ஒருநாள் முறை வரும்."

இன்ஜினியர் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். உத்தரவாதம் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மாதத்தில் ஸ்மரண்டாவை மரலாரி ஏற்றிக்கொண்டு போயிற்று, ரொட்டி வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று, ஒருமுறை ஆட்டு வியாபாரி ஆடுகளோடு ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு முறை எதுவும் வரவில்லை. அந்த இரண்டு முறையும் அவள் முகம் மாவு பிசைந்து வைத்ததுபோல் உப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கவ்ரிலைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை தவறினால் இதயம் தாங்காது என்றார். கார் வீட்டு வாசலில் பளபளவென்று நின்றது. சமவெளிப் பக்கம் ரொட்டி வாங்கப் போவதற்கு அதைப்போல வண்டி கிடையாது.

கவ்ரில் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஆய்வாளர் ஒட்டிலியா அம்மையார் கதை முழுவதையும் கேட்டார். கேட்டுக் கொதித்தார்.

"இது அநியாயம்! உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நாங்க இருக்கோம். ஒரு கமிட்டி போடறேன். கமிட்டி மலைக்கு வரும். குறைய நேருக்கு நேர் பார்க்கும்."

கமிட்டி வந்தது. ஒட்டிலியா அம்மையார், இன்ஜினியர் ப்ளெஷோயானு, தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஒருவர், எந்த அலுவலகம் என்று யாருக்கும் தெரியாத இன்னொருவர். அந்த இன்னொருவர் கையில் கரி அடுப்பும் ஒரு பாத்திரம் நிறையச் சுட வேண்டிய கறி உருண்டைகளும் இருந்தன. அவற்றை டிக்கியில் வைத்தார்கள். பிளம் சாராயத்தை மடியில் வைத்தார்கள். கவ்ரில் ஓட்டினார்.

பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் கார் பெருமூச்சு விட்டு நின்றது. கவ்ரிலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கார் நின்றதற்காக ஒருவன் சந்தோஷப்பட்டது அந்தச் சாலையில் அதுதான் முதல்முறை.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா, மேடம்!"

கமிட்டி இறங்கியது. காரைச் சுற்றி வந்தது. அடுப்பு மூட்டியது. கடுகுக் குழம்பு தொட்டுக் கறி உருண்டைகளைத் தின்றபடி இரண்டு மணிநேரம் விவாதித்தது. பிறகு ஒட்டிலியா அம்மையார் எழுந்து நின்று முடிவைச் சொன்னார்.

"வண்டி நின்னதை கமிட்டி ஏகமனதா பதிவு செய்யுது. ஆனா நிக்கறதும் வண்டியோட வேலைகள்ல ஒண்ணுதான். சொல்லப்போனா ரொம்ப முக்கியமான வேலை. நிக்காத வண்டிதான் ஆபத்து. இந்த வண்டி சத்தமில்லாம, குலுங்காம, புகையில்லாம நின்னுச்சு. நின்ன அப்புறம் வண்டியில எந்தக் குறையும் தெரியல."

"மேல ஏறலையே, மேடம்!"

"கமிட்டி நாலு பேரு, சாமான் வேற. எடை கூடிப்போச்சு. நீங்க கமிட்டி இல்லாம ஏறிப் பாருங்க."

"கமிட்டி இல்லாமதானே இத்தனை நாளும் நின்னுச்சு!"

"அப்ப கமிட்டி இல்லையே. யார் பார்த்தது?"

கமிட்டியைக் கீழே கொண்டுபோய்விட ரொட்டி வண்டி வந்தது. அது எல்லோரையும், அடுப்பையும், மீந்த சாராயத்தையும் ஏற்றிக்கொண்டு இறங்கிப்போயிற்று. கவ்ரில் மட்டும் காரோடு நின்றார். நாளை ஸ்மரண்டாவுக்கு மெஷின்.

காருக்குள் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். இன்ஜினியரின் அம்மாவை, கமிட்டியின் ஈஸ்டர் முட்டைகளை, காரை வடித்தவனின் ஏழு தலைமுறையை. சொல்லி முடித்துச் சாவியைத் திருகியதும் இன்ஜின் மறுபடி பிடித்தது. வீட்டுக்குத் திரும்ப வண்டியை வளைத்தார். மூக்கு கீழ்ப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஆத்திரத்தில், ஏன் என்று அவருக்கே தெரியாது, கியரைப் பின்னுக்குப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

கார் ஏறியது.

பின்பக்கமாக, மலையாட்டின் பின்பாகத்தை மலைக்குக் காட்டியபடி, ஒரு தும்மல்கூட இல்லாமல் உச்சிவரை ஏறியது.

மறுநாள் முதல் கவ்ரிலும் ஸ்மரண்டாவும் கணவாயைப் பின்பக்கமாகவே கடந்தார்கள். நடந்துபோகிறவன் முந்திவிடுவான், அவ்வளவு மெதுவாக. கவ்ரிலின் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. ஸ்மரண்டா சமவெளியைப் பார்த்தபடி உட்கார்ந்து, பின்னால் வரும் லாரிக்காரர்களுக்கு முகத்துக்கு நேராகக் கையாட்டினாள். மேய்ச்சல் நாய்களுக்கு எந்தப் பக்கம் குரைப்பதென்று தெரியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "எங்க போறீங்க?" என்றார். "முன்னால," என்றார் கவ்ரில். போலீஸ்காரர் சாலையை இரு பக்கமும் பார்த்தார், ஸ்மரண்டாவின் கால்களைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

யாரோ அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். அது தலைநகரத்தில், கம்பெனியின் இயக்குநர் வெலேஸ்குவின் கண்ணிலும் பட்டது. இன்ஜினியர் ப்ளெஷோயானு உடனே போன் செய்தார்.

"வாழ்த்துகள், ஹங்கானு சார்! பிரச்சனை தீர்ந்துருச்சு."

"என்ன தீர்ந்துச்சு?"

"கார் மலை ஏறுதே! நாடே பார்த்துருச்சு. எந்தப் பக்கமா ஏறணும்னு ஒப்பந்தத்துல எங்கயும் போடல, நான் பார்த்துட்டேன். இயக்குநர் சார் நேர்லயே வர்றார். உங்களைக் கௌரவிக்கணுமாம். டிவியும் வருது. திருப்தியடைந்த வாடிக்கையாளர் விழா."

"எனக்கு விழா வேணாம். வேற கார் வேணும்."

"விழாவுல இயக்குநர்கிட்டயே கேளுங்க. மனுஷன் இளகின மனசு."

விழா வைத்த நாள் ஸ்மரண்டாவின் மெஷின் நாள். காலையில் சீக்கிரம் முடித்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். நண்பகலுக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், பின்பக்கமாகப் போக நேரம் பிடிக்கும் என்று கவ்ரில் எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

விற்பனை நிலைய ஹாலின் நடுவில் காருக்கு ரிப்பன் கட்டி நிறுத்தினார்கள். பின்பக்கம் காமிராவைப் பார்த்தபடி. மேலே புதுத் துணிப் பதாகை: 'எத்திசையும் எமதே.' முதலில் இன்ஜினியர் பேசினார். அப்புறம் ஒட்டிலியா அம்மையார், நுகர்வோருக்கும் வணிகருக்கும் நடுவே தன் அலுவலகம் கட்டிய பாலத்தைப் பற்றிப் பேசினார். அப்புறம் மேயர். ஸ்மரண்டாவுக்கு நிற்க முடியவில்லை. யாரோ நாற்காலி போட்டார்கள். கவ்ரில் கடிகாரத்தைப் பார்த்தார். இனி கிளம்பினாலும் பின்பக்கமாகப் போய்ச் சேர முடியாது.

கடைசியில் இயக்குநர் வெலேஸ்கு மைக்கைப் பிடித்தார்.

"சில கம்பெனிங்க குறைய ஒத்துக்கறாங்க. அது பலவீனம். நாங்க வாடிக்கையாளரை நம்பறோம். குறை இருந்தா அவரே ஒரு வழி கண்டுபிடிப்பார்ங்கற நம்பிக்கை எங்களுக்கு எப்பவும் உண்டு. ஹங்கானு சார் அந்த நம்பிக்கையைக் காப்பாத்தினார். அடுத்த மாடல்ல பின்பக்கம் பெரிய கண்ணாடியும் காமிராவும் வைக்கிறோம். ஹங்கானு சாருக்கு அதுல தள்ளுபடி உண்டு!"

கைதட்டினார்கள். இயக்குநர் குனிந்து ஸ்மரண்டாவிடம் பூங்கொத்தை நீட்டினார். வெள்ளைக் கார்னேஷன்.

"கைக்கு முத்தம், அம்மா," என்றார், அங்கே பெண்களுக்குச் சொல்லும் வணக்கமாக.

ஸ்மரண்டா பூக்களை எண்ணினாள். அந்த நாட்டில் எந்தப் பெண்ணும் எண்ணுவாள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, சவப்பெட்டிக்கு இரட்டைப்படை. குழந்தைகூடத் தவறு செய்யாது.

"எட்டு இருக்கு," என்றாள்.

மேயர் கூரையைப் பார்த்தார்.

"ஒன்பதுதான் வழக்கம், அம்மா," என்றார் இயக்குநர் கூச்சமில்லாமல். "இந்த வருஷம் சிக்கன நடவடிக்கை. எல்லாத்துலயும் ஒண்ணு கொறைச்சிட்டோம். யாருக்கும் தெரியாது."

கவ்ரிலின் கழுத்து அத்தனை நாளுக்குப் பிறகு நேராகத் திரும்பியது.

"காருல எதைக் கொறைச்சீங்க?"

இயக்குநர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் பதாகையைப் பார்த்தார். ஒலிபெருக்கி மட்டும் உய்யென்று கத்தியது.

ஸ்மரண்டா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். வீங்கிய கால்களோடு மெதுவாகக் காரைச் சுற்றி அதன் முன்பக்கம் போனாள். டிவிக்காரன் காமிராவோடு பின்னால் ஓடினான். அவள் எட்டுப் பூக்களையும் பானெட்டின்மேல் வைத்தாள். சின்னத்தை உள்ளங்கையால் தொட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கடவுள் மன்னிச்சு ஏத்துக்கட்டும்," என்றாள், செத்தவர்களுக்குச் சொல்வதை.

அதைக் கேட்டால் கை தானாக எழும். தாய்ப்பாலோடு வந்த பழக்கம். மேயர் தொப்பியைக் கழற்றினார். ஒட்டிலியா அம்மையார் சிலுவை போட்டார். இன்ஜினியர் ப்ளெஷோயானு மூன்று முறை போட்டார். இயக்குநர் வெலேஸ்கு மைக் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, மாவட்டம் முழுக்கக் கேட்கும்படி, தெளிவாகத் திருப்பிச் சொன்னார்:

"கடவுள் மன்னிச்சு ஏத்துக்கட்டும்."

சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. டிவிக்காரப் பெண் ஒலிவாங்கியை அவர் வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"இயக்குநர் சார், கார் எப்ப செத்துச்சு?"

"இல்ல... நான்... அது ஒரு பழக்கத்துல..."

"விக்கும்போது உயிர் இருந்துச்சா, சார்?"

வாசலில் இயக்குநரின் கறுப்புக் கார் இன்ஜின் ஓடியபடி நின்றது. ஸ்மரண்டா நேராகப் போய் அதன் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கவ்ரிலும் ஏறினார். டிரைவர், நரைத்த மீசைக்காரர், திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு. நேரமாச்சு."

"இது இயக்குநரோட வண்டிம்மா."

"அவரு வர மாட்டாரு. துக்க வீட்டுல இருக்காரு."

டிரைவர் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். முதலாளியைச் சுற்றிக் கூட்டம். டிரைவர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளட்சை மிதித்தார்.

பைன் மரங்கள் எப்போது வந்தன, எப்போது போயின என்றே தெரியவில்லை. மலைநகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஸ்மரண்டாவின் கையைத் திருப்பி நரம்பைத் தேடினாள்.

"இன்னிக்கு நேரத்துக்கே வந்துட்டீங்களே, ஸ்மரண்டா அம்மா. காரைச் சரிபண்ணிட்டாங்களா?"

"இல்லடி. செத்துப்போச்சு."

நர்ஸ் ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சிலுவை போட்டாள். "கடவுள் மன்னிச்சு ஏத்துக்கட்டும்," என்றாள். பிறகு குத்தினாள். மெஷின் ஓடத் தொடங்கியது.